கூலிக்கா, சொந்தத்துக்கா?

போன வாரம் மின்சார இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். வழக்கமாக மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுகிறவர்தான். இந்தத் தடவை போகாமல் நின்றார். என் வீட்டு முன் அறையை எட்டிப் பார்த்தார். மேஜை, சட்டப் புத்தக அலமாரி, கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்ச், ஆணியில் தொங்குகிற கறுப்புக் கோட்டு... எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்தார்.

"சார், இது வூட்டு கனெக்‌ஷன்தானுங்களே?"

ஆமாம் என்றேன்.

"முன் ரூமுல தொழில் நடக்குதுங்களே. அப்ப கமர்ஷியல்ல இல்ல வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. வக்கீல் வேலை வியாபாரமா? கடை என்றால் சரக்கு இருக்க வேண்டாமா? நான் என்ன மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன், தராசு பிடிக்கிறேன்? நின்றவாக்கில் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டேன். கோர்ட்டில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று உள்ளேயிருந்து என் மனைவி பிற்பாடு சர்டிபிகேட் கொடுத்தாள்.

மனுஷர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் சரிதாங்க சார். ஃபாரத்துல ரெண்டே கட்டம்தான் போட்டிருக்குது. வியாபார உபயோகம், சொந்த உபயோகம். எதுல டிக் அடிக்கறது?"

யோசித்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் விட்டுப் போன அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. சொந்தம். அந்தச் சொல்லோடு, பழைய கட்சிக்காரி மாதம்மாளும் ஞாபகத்தில் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் கோர்ட் வராந்தா வேடிக்கைகளைத்தான் சொல்வது வழக்கம். இந்த வாரம் வேடிக்கை குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சேலம் ஜில்லாவிலிருந்து பிரித்து தர்மபுரியைத் தனி ஜில்லாவாக்கின புதிது. ஊருக்கே ஒரு புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்த நேரம். எனக்கும் அப்போதுதான் கேஸ்கள் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருந்தன. இண்டூரிலிருந்து என் அப்பா அடிக்கடி பஸ் ஏறி வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். மகனுடைய ஆபீசில் கூட்டமாக இருக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு என்று நான் கிண்டல் செய்வேன். அவர் பாட்டுக்கு வருகிறவர்களிடம் மழை பெய்ததா, கேழ்வரகு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். காரிமங்கலத்துக்கு உள்ளே ஒரு கிராமம். மடியில் ஒரு துணிப்பை. பத்திரம், பட்டா, நோட்டீஸ் — எதுவும் கொண்டுவரவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"எம் பாட்ட நிறுத்தணுமுங்க, வக்கீலய்யா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது.

மாதம்மாளுக்கு ஒரே மகன். பெயர் துரைசாமி. லாரியில் கிளீனராகப் போனவன். தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியாரோடேயே தங்கிவிட்டாள். பெண்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில், அவன் இல்லாத வீட்டில்.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் மெட்ராசிலிருந்து ஒரு பேராசிரியர் அந்த ஊருக்கு வந்திருக்கிறார். தோளில் ஒரு பெரிய டேப் ரிக்கார்டர். ஒப்பாரிப் பாட்டுகளைப் பதிவு செய்கிறார், ஆராய்ச்சிக்காக.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆபீசில் அலுத்துக்கொள்ளும்போது நாம் எல்லோரும் 'கூலிக்கு மாரடிக்கிறேன்' என்கிறோம், இல்லையா? எங்கள் பக்கத்தில் அது நிஜமாகவே ஒரு வேலை. சாவு வீட்டில் அழுது பாடுவதற்கென்று சில பெண்கள் வருவார்கள். பிணம் எடுத்தவுடன் ஒரு தட்டில் சேலை, வெற்றிலை பாக்கு, கூலி மூன்றையும் வைத்துக் கொடுப்பார்கள். தட்டை வாங்கிவிட்டால் அவளுக்கும் அந்தச் சாவுக்கும் ஒட்டு இல்லை. சொந்தக்காரப் பெண்கள் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு திரும்பி வருவார்கள். கூலிக்கு வந்தவள் தட்டோடு தன் ஊருக்குப் போய்விடுவாள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அது ஒரு தொழில், அவ்வளவுதான். ஆனால் தன் வீட்டுச் சாவுக்கு ஒருத்தி தட்டு வாங்கினாள் என்று எவரும் கேள்விப்பட்டிருக்க முடியாது.

மாதம்மாள் தொழில்காரி இல்லை. துரைசாமி போனபோது அவள் அழுதது அவளாகக் கட்டிய பாட்டு. ஊர்ப் பெண்கள்தான் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள் — மாதம்மா அழுததைக் கேட்டால் கல்லும் கரையும் என்று. அவர் போய்க் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். அவர் மறுபடி மறுபடி கேட்டார். இது வியாபாரத்துக்கு இல்லை அம்மா, ஆராய்ச்சிக்கு என்று சொன்னார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று இவள் கேட்டாள். இன்னும் பிறக்காத பிள்ளைகள்கூட, இந்த ஊரில் ஒரு தாய் எப்படி அழுதாள் என்று ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்றார்.

அதில்தான் அவள் இளகினாள். அப்படியானால் துரைசாமி பெயர் மெட்ராசில் ஒரு பெட்டிக்குள் எப்போதும் இருக்குமா? இருக்கும் என்றார். பாடிவிட்டாள்.

பாடி முடித்ததும் அவர் பையைத் திறந்தார். ஒரு புதுச் சேலையை எடுத்தார். ஊர்க் கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிவரச் சொல்லி, ஒரு தட்டில் வைத்து, குனிந்து நின்று கொடுத்தார். அவருடைய ஊரில் வீட்டுக்கு வந்த பெண்களுக்கு அப்படித்தான் மரியாதை செய்வார்களாம். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கும்போதே கையி கூசுச்சுங்க" என்றாள் மாதம்மாள். "அத்தன தூரத்துல இருந்து வந்த மனுசன். வேணாம்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும். வாங்கிப் பொட்டிக்குள்ள வெச்சிட்டேன்."

அந்தச் சேலையை அவள் ஒரு தடவைகூட உடுத்தவில்லை.

பிறகு என்ன நடந்தது? எங்கள் இண்டூரிலேயே நடந்தது. மாதம்மாளின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. இவளும் மருமகளும் போயிருக்கிறார்கள். பந்தலுக்கு மேலே வேப்ப மரத்தில் மைக் செட் குழாய் கட்டியிருந்தது. தெருமுனையில் திரும்பும்போதே இவள் காதில் விழுந்தது ஒரு பெண் அழுகிற குரல்.

*சோறு வடிச்சு வெச்சிருக்கேன் சூடு ஆறிப் போகுதப்பா,*
*தொப்பூரு மேட்டுலதான் தொரசாமி நீ சாஞ்சியே...*

அவளுடைய குரல். அவளுடைய மகன் பெயர். யாரோ ஒரு கிழவருடைய சாவு வீட்டில்.

பேராசிரியரிடமிருந்து அந்த டேப் ஒரு ரிக்கார்டு கம்பெனிக்குப் போயிருக்கிறது. அவர்கள் அதை இசைத்தட்டாகப் போட்டுவிட்டார்கள். மைக் செட்காரர்களுக்கு ரொம்ப வசதி. பாட ஆள் தேட வேண்டாம், வண்டி அனுப்பிக் கூட்டிவர வேண்டாம். ஊசியை வைத்தால் ஒப்பாரி.

கூட்டத்தில் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கேட்டாளாம்: "ஏன் மாதம்மா, பெத்த புள்ள சாவையும் கூலிக்குப் பாடிட்டியா?" தட்டு வாங்கியதைப் பார்த்தவர்கள் வேறு அங்கே இருந்தார்கள். ஆமாம், சேலை வாங்கினாள், நாங்கள் பார்த்தோம் என்றார்கள். பொய் இல்லையே. வாங்கினாள்தான்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து மருமகள் இவளோடு பேசுவதில்லை. தனியாக உலை வைக்கிறாள். தை பிறந்தால் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். என் புருஷன் பெயரை விற்றவள் வீட்டில் எனக்கு என்ன வேலை என்று.

மாதம்மாளுக்கு இருந்தது அந்த ஓர் உறவுதான். அதுவும் தைக்குள் போய்விடும்.  நான் என்ன செய்தேன்? சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். வக்கீல்கள் நாங்கள் வேறென்ன செய்வோம்?

திறந்தால்... அதற்குள் அவள் எங்கேயும் இல்லை. புத்தகம் எழுதியவருக்கு உரிமை உண்டு, இசை அமைத்தவருக்கு உண்டு, இசைத்தட்டுப் போட்ட கம்பெனிக்கு உண்டு. ஆராய்ச்சிக்கு, சொந்தப் படிப்புக்கு என்று சலுகைகள் உண்டு. ஒரு தாய் மனசுக்குள் கட்டி வாயால் அழுததை எந்தப் பிரிவில் சேர்ப்பது? எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. எழுத்து தெரியாது என்றாள்.

சரி, ஒரு தடை உத்தரவாவது கேட்டுப் பார்க்கலாம் என்று யோசித்தேன். அதிலும் ஒரு முடிச்சு. எந்தத் தாவா போட்டாலும் அதற்கு ஒரு மதிப்புப் போட்டாக வேண்டும். அதை வைத்துத்தான் கோர்ட் கட்டணம். நிலத்துக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, மரத்துக்கு உண்டு. எனவே நானும் கேட்டேன் — இந்தப் பாட்டுக்கு என்ன மதிப்புப் போடலாம் என்று.

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வெல போடமாட்டேன்னு சொல்லத்தானுங்க இவ்ளோ தூரம் வந்தது" என்றாள். "வெல போட்டாத்தான் உள்ளவே வுடுவாங்களா?"

 வியாபாரம் செய்திருந்தாள் என்றால் நஷ்டம் கணக்குப் போடலாம், லாபத்தில் பங்கு கேட்கலாம், கம்பெனியை ஒரு கை பார்க்கலாம். வியாபாரமே செய்யவில்லை என்று சொல்ல வந்தவளுக்குத்தான் வாசல் இல்லை. விற்கவில்லை என்று நிரூபிக்க முதலில் விலை எழுது என்கிறது சட்டம். கறுப்புக் கோட்டின்மேல் எனக்கு அலுப்பு தட்டிய நாட்களில் அதுவும் ஒன்று.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து என் அப்பா வாய் திறந்தார். சட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேட்டது வேறு.

"பையன் எப்பிடிம்மா இருப்பான்? உசரமா?"

மாதம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். உயரம்தான், வாசலில் குனிந்துதான் வருவான் என்றாள். கீரைக்குழம்பு பிடிக்கும். லாரி போகிற ஊர்களில் இருந்தெல்லாம் பெண்டாட்டிக்கு வளையல் வாங்கிவருவான். அம்மாவுக்கு? அம்மாவுக்கு வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலை ஒரு கவுளி என்றால் ஒரு வாரத்துக்கு வரும். அவள் பேசிக்கொண்டே போனாள், அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்டிருந்தார்கள், நானும் சேர்த்து. அந்தப் பையனைப் பற்றி அதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

நான் கோர்ட்டை விட்டுவிட்டு நோட்டீஸ் மட்டும் அனுப்பினேன். பேராசிரியருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, இண்டூர்ச் சாவுக்கு மைக் செட் கட்டிய தர்மபுரி ஜப்பார் பாய்க்கு ஒன்று.

பதில்கள் வந்தன. படித்துவிட்டு நான் சிரித்தேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பேராசிரியர் எழுதினார் — நான் ஒரு காசு வாங்கவில்லை, ஆராய்ச்சிக்காகத்தான் பதிவு செய்தேன், டேப் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்றுதான் கம்பெனியிடம் ஒரு நகல் கொடுத்தேன். கம்பெனி எழுதியது — இதில் எங்களுக்கு லாப நோக்கம் கிடையாது, கிராமியக் கலைக்கு நாங்கள் செய்கிற சேவை. ஜப்பார் பாய் எழுதவில்லை, பக்கத்துத் தெருதானே, நேரில் வந்துவிட்டார்.

"வக்கீல் சார், நான் வாடக வாங்கறது மைக் செட்டுக்குத்தான். பாட்டுக்குன்னு தனியா காசு கேட்டதே இல்லீங்க" என்றார்.

பார்த்தீர்களா? மூன்று பேரும் வியாபாரம் செய்யவில்லை. ஒருவர் ஆராய்ச்சி, ஒருவர் சேவை, ஒருவர் குழாய் வாடகை. மூன்று பேர் கை மாறி, மரத்தில் ஏறி, ஊரெல்லாம் கேட்ட பிறகும் யாரும் எதையும் விற்கவில்லை. வியாபாரி என்று பெயர் வாங்கியது ஒரே ஓர் ஆள். அவளுக்குக் கிடைத்தது ஒரு பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

 பாய், அந்த அம்மாவுக்குப் பிள்ளை செத்தது நிஜமா, அது சினிமாவுக்கு எழுதின மாதிரி பாட்டு இல்லையா என்று கேட்டார். நிஜம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இசைத்தட்டின்மேல் 'ஒப்பாரி' என்று மட்டும்தான் சார் போட்டிருக்கிறது என்றார். அது உண்மைதான். அவள் பெயரும் இல்லை, துரைசாமி பெயரும் இல்லை.

விஷயத்தைச் சொல்ல மாதம்மாளை வரச்சொன்னேன். இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். பேராசிரியர் வருத்தம் தெரிவித்திருக்கிறார், கம்பெனிக்கு எழுதி மேற்கொண்டு போடவேண்டாம் என்று நிறுத்தியும் விட்டார், ஏற்கனவே போட்டு வெளியே போனதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னேன்.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்திருப்பாள் போல.

"அந்தச் சேலைய அவர் கையில திருப்பிக் குடுக்கணுமுங்க. நாலு பேரு பாக்கக் குடுக்கணும். எம் மருமவ பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஒப்பந்தச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் வருகிற சங்கதி அது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பேரம் இல்லாமல் போகிறது. அவள் அதைத் தட்டு என்ற பாஷையில் சொன்னாள்.

பேராசிரியர் வந்தார். வரமாட்டார் என்றுதான் நான் பந்தயம் கட்டியிருப்பேன். மெட்ராசிலிருந்து பஸ்ஸில் வந்து, தூசியோடு, கலங்கிய முகத்தோடு என் ஆபீசில் உட்கார்ந்தார். ஜப்பார் பாயை வரச்சொல்லியிருந்தேன். அப்பா இருந்தார். மாதம்மாளோடு அவள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். கதவோரமாக மருமகள், யாரையும் பார்க்காமல்.

மாதம்மாள் துணிப்பையிலிருந்து சேலையை எடுத்தாள். தட்டும் அவளே கொண்டுவந்திருந்தாள். வெற்றிலை பாக்கு வைத்து, சேலையை வைத்து, அவர் கொடுத்த அதே மாதிரி குனிந்து நீட்டினாள்.

"நான் மரியாதைக்குத்தாம்மா கொடுத்தேன்" என்றார் அவர். 

"தெரியுமுங்க. அன்னிக்கே தெரியும். அதான் வேணாம்னு சொல்ல வாயி வரல. ஆனா எங்கூருல இதுக்குப் பேரு வேறங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அந்த மனுஷர் மீது எனக்கு மரியாதை உண்டு, இன்றைக்கும் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் வந்தார், நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார். நல்ல எண்ணம் எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கும் என்று அன்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ஜப்பார் பாய் எழுந்தார். பேப்பரில் சுற்றியிருந்த இசைத்தட்டை மேஜைமேல் வைத்தார். இதை இனிமேல் நான் போடமாட்டேன், உங்கள் கண் எதிரிலேயே உடைத்துவிடுகிறேன் அக்கா என்றார். மாதம்மாள் பதறிப்போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒடைக்காதீங்க பாய். அதுக்குள்ள எம் பையன் பேரு இருக்குது."

அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சேலை இருந்த பெட்டியில் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாட்டுப் பெட்டி இல்லாத வீட்டில் ஓர் இசைத்தட்டு.

கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து என் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு இது தொழிலுங்க. தொழிலுக்குக் கூலி வாங்கறதுல என்ன இருக்குது? எனக்குத்தான் அது தொழிலு இல்ல."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வாசலில் இறங்கியபோது அதுவரை வாய் திறக்காத மருமகள் பேசினாள். "வாங்கத்த, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். மாதம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஜெயித்த கேஸ்கள் எனக்கும் கொஞ்சம் உண்டு. எதிலும் அப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

சில வருஷம் கழித்து என் அப்பா இண்டூரில் காலமானார். மைக் செட் கட்டக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். பந்தல் போடச் சாமான்கள் கொண்டுவந்த ஜப்பார் பாயும் குழாயை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. வீடு ஓசையில்லாமல் இருந்தது. பெண்கள் களைத்துப்போய் விசும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வக்கீல் அல்லவா, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிய நேரத்தில் தெருமுனையில் இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். மாதம்மாளும் மருமகளும். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பாய் வழியாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். மாதம்மாள் எங்கள் சாதி இல்லை. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் யார் எங்கே உட்காரலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அவள் பந்தலுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

மேஜை போட்ட ஆபீசில் மனுஷனைப் பற்றிக் கேட்டவர் யார், உசரமா என்று கேட்டவர் யார் என்று அவள் பாடினாள். என் அப்பாவைப் பாடினாள். நடுவில் ஓர் இடத்தில், நீ போகிற வழியில் என் துரைசாமி நிற்பான், வாசலில் குனிந்து வருகிற பையன், பார்த்தால் அடையாளம் தெரியும் என்று பாடினாள். என் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். அன்று நான் அழுதது அந்த ஓர் இடத்தில்தான்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது வாசலில் என் சின்னம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் தட்டு. புதுச் சேலை, வெற்றிலை பாக்கு, மேலே ரூபாய். நல்ல மனசுக்காரி. வழக்கம் தவறக்கூடாது என்று யாரிடமோ ஓடிப்போய்ச் சேலை வாங்கிவந்திருக்கிறார். பாடினவள் வெயிலில் காத்திருக்கிறாளே என்ற பதற்றம் வேறு.

மாதம்மாள் தட்டைப் பார்த்தாள். வாங்க அவள் கை எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அது சாவு வீடு, நீட்டுகிறவள் துக்கத்தில் இருக்கிறவள். அன்று பேராசிரியர் முன்னாலும் இப்படித்தான் தவித்திருப்பாள் என்று நினைக்கிறேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, இப்போதும். மருமகள் என்னைப் பார்த்தாள்.

நான் போய்ச் சின்னம்மா நீட்டிய தட்டைப் பிடித்து அவர் பக்கமே திருப்பினேன்.

"உள்ள கொண்டு போங்க சின்னம்மா. இவங்க நம்ம சொந்தம்."

சின்னம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஏதோ முணுமுணுப்பு எழுந்தது, அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்று மேட்டில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டுப் பெண்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார்கள். மாதம்மாள் எழுந்தாள். மருமகளும் எழுந்தாள். இரண்டு பேரும் அந்த வரிசைக்குப் பின்னால் நடந்தார்கள். வரிசை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு என் மனைவி திரும்பி வந்து மாதம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஈரத்துணியோடு அவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று புத்தகம் புத்தகமாகத் தேடியவன் நான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஈரத்தோடு வாசலுக்கு வந்து நின்றது.

மீட்டர் பார்க்கிறவர் இந்த வாரம் வருவார். கமர்ஷியல் கட்டத்திலேயே டிக் அடித்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன். கட்டணம் கூடுதலாகும் என்று என் மனைவி ஞாபகப்படுத்துகிறாள், ஆகட்டும்.

'சொந்தம்' என்கிற சொல்லை ஒரு மீட்டர் பெட்டிக்குச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.